டிப்ஸ் மட்டும் உங்கள் செலவு

படாரென்று ஒரு சத்தம். தொடர்ந்து கண்ணாடி நொறுங்கும் ஓசை ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பரவியது.

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை வேகமாகப் பின்னால் தள்ளியதில், பரிமாற வந்த பெண் தடுமாறிவிட்டாள். வலது கையிலிருந்த டிரே கண்ணாடித் தம்ளர்களோடு போய்விட்டது. இடது கையில் அடுக்கியிருந்த மூன்று தட்டுகளும் சரிய ஆரம்பித்தன.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது கிளமெண்ட் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. தட்டுகள் மூன்றும் இப்போது அவன் இடது கையில் இருந்தன. ஒன்று விரல்களுக்கு இடையில், ஒன்று மணிக்கட்டின் மேல், ஒன்று முழங்கை வளைவில். மீன் குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஹாத் மத் லகாவோ," என்றான், சில்லுகளைப் பொறுக்கக் குனிந்த பெண்ணிடம். மேசையிலிருந்த நாப்கினை உதறி அவற்றின் மேல் விரித்தான். "ஜாடூ வரட்டும், கூட்டிரலாம். கையால தொடாதீங்க."

தட்டுகளை உரிய மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்ததும், மேசைக்கு அடியில் அவன் முழங்காலில் ஓர் உதை விழுந்தது. அம்மா செல்வம்மாள். மேலே முகம் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"எப்படிங்க புடிச்சீங்க? சர்க்கஸ் மாதிரி இருந்துச்சு!" ஜாக்குலின் கண்கள் விரியக் கேட்டாள்.

"கப்பல்ல ஆபீஸருக்கெல்லாம் அந்த டிரெயினிங் உண்டும்மா," என்று முந்திக்கொண்டார் அப்பா சிலுவைராஜ். "ஆட்டத்துல சாமான் விழக் கூடாதுல்லா? சேஃப்டி."

"கணக்குப் பார்க்கிற ஆபீஸருக்குமா மாமா?"

"எல்லாருக்கும்தான். கேப்டனே தட்டு புடிப்பாரு."

கிளமெண்ட் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். முதல் நாள் மத்தியானமே இப்படி. இன்னும் மூன்று நாள் எப்படித் தாண்டுவது?

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜாக்குலினுக்குத் தெரிந்தவரை அவள் கணவன் ஐரோப்பாவைச் சுற்றும் உல்லாசக் கப்பலில் பர்சர். அதாவது, கப்பலின் வரவு செலவைப் பார்க்கும் அதிகாரி. உண்மையில் அவன் அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் வெயிட்டர். வெள்ளைச் சட்டை இருந்தது. தோளில் பட்டை இல்லை.

பொய்யை ஆரம்பித்தவர் சிலுவைராஜ். போர்ட் பிளேரில் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டே ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் காலத்தில் கப்பலில் கசங்காத சட்டை போட்ட ஒரே ஆள் பர்சர்தான். பெண் பார்க்க நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்குப் போன இடத்தில், ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஜாக்குலினின் அப்பா "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்க, இவர் வாயில் அந்த வார்த்தை வந்து விழுந்துவிட்டது. கிளமெண்ட் அப்போது கடலில் இருந்தான். விஷயம் தெரிந்தபோது கோயிலில் கல்யாண ஓலை படிக்கும் தேதியே முடிவாகியிருந்தது. "நீ வாயத் தொறக்காத. அவிய ஆபீஸருக்குத்தான் பொண்ணு தருதாவ," என்றாள் அம்மா போனில்.

அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்தான். அடுத்த வாரம் கப்பலேறினால் ஒன்பது மாதம். அதற்குள் வேறு யார் மூலமாவது ஜாக்குலினுக்குத் தெரிந்தால் அவள் ரங்கத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வர மாட்டாள். அவளைப் பற்றி அந்த அளவுக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொசைட்டி கடையில் கணக்கெழுதுகிறவள். எவ்வளவு குறைந்தாலும் பொறுப்பாள், மறைத்தால் பொறுக்க மாட்டாள்.

ஹேவ்லாக் தீவுக்கு இந்தப் பயணமே கிளமெண்ட் ஏற்பாடுதான். நாலு பேர் பாக்கேஜ் மலிவாகக் கிடைத்ததால் அம்மா அப்பாவையும் சேர்த்துக்கொண்டான். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருந்த ஏஜெண்ட் பணத்தை வாங்கிக்கொண்டு விரல்விட்டுச் சொன்னார்: "போகவர கப்பல், ரூம், மூணு வேளை சாப்பாடு, சுத்திப் பார்க்க டிரைவரோட காடி, எல்லாம் இதுக்குள்ள வந்துரும். டிப்ஸ் மட்டும் உங்க செலவு."

"அது என் பொறுப்பு," என்று உடனே சொன்னவள் ஜாக்குலின்.

அதற்குக் கவர் வாங்கக்கூட அவள் காசு செலவழிக்கவில்லை. கல்யாண வீட்டில் மிச்சமான மொய்க் கவர்களை எடுத்துவந்திருந்தாள். மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி, 'வாழ்த்துகளுடன்' என்று தங்க எழுத்தில் அச்சடித்தவை. சாப்பாட்டுக்கு முதல் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று, டிரைவருக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, அறை கூட்டுகிறவருக்கு ஒன்று.

"மொத்தக் காசையும் கட்டியாச்சுன்னா, அதுக்கு மேல எதுக்கு இந்தப் பிச்சை?" என்றார் சிலுவைராஜ், அன்று ராத்திரிச் சாப்பாட்டில். "நான் அத்தனை வருசம் எண்ணெய் போட்டேன். எவனாவது எஞ்சின் ரூமுக்கு எறங்கி வந்து பத்து ரூவா குடுத்தானா?"

"உங்க மொகத்தைப் பார்த்தா குடுக்கத் தோணணும்லா," என்றாள் செல்வம்மாள்.

ஜாக்குலின் சிரித்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. கப்பல்ல டிப்ஸ் கணக்கெல்லாம் உங்க டேபிளுக்குத்தானே வரும்? மத்லப், ஒரு வெயிட்டருக்கு எவ்வளவு குடுத்தா நியாயம்?"

கிளமெண்டின் கையில் இருந்த ஸ்பூன் நின்றது. கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் அம்மாவின் கால் தயாராக இருப்பதை உணர்ந்தான்.

"அது... சம்பளம் கம்மியாத்தான் இருக்கும். வீட்டுக்கு அனுப்புறது பூரா அதுலருந்துதான். குடுக்கிறப்ப மூஞ்சியப் பார்த்துக் குடுக்கணும். மேசையில எறிஞ்சுட்டுப் போகக் கூடாது."

"அச்சா. உங்களுக்குக் கீழ வேலை செய்றவங்க மேல உங்களுக்கு ரொம்ப அக்கறை," என்றாள் ஜாக்குலின் பெருமையாக.

அந்தப் பெருமை உதையைவிட வலித்தது.

பரிமாறுகிற பெண் அப்போது தண்ணீரோடு வந்தாள். சட்டையில் 'நளினி' என்று பெயர்ப் பட்டை. முப்பத்தைந்து வயதிருக்கும். கிளமெண்டின் தம்ளரை நிரப்பும்போது மட்டும் அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. ஜாக்குலின் கொடுத்த கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொய்யா அக்கா? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். மேசையே சிரித்தது. கிளமெண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் ஒரு வார்த்தை தவறி விழலாம்.

மறுநாள் காலை, வீட்டார் இட்லியை முடிப்பதற்குள் அவன் நழுவி சமையலறையின் பின்பக்கம் போனான். நளினி தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கப்பல் அண்ணே?" அவன் வாய் திறக்கும் முன்பே கேட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆபீஸர் எவனாச்சும் முழங்கையில தட்டு வைப்பானா? எங்க டைனிங் ஹால் கேப்டன் ஆறு மாசமா எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுக்குறாரு. எனக்கே இன்னும் சரியா வரலை. பார்த்தீங்கள்ல?"

"நீங்க எந்த ஊரு?"

"நிக்கோபார்ல கச்சால் தீவு. ரப்பர் தோட்டத்து ஆளுங்க. வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

கிளமெண்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். "வச்சுக்கோங்க. என் வீட்டுக்காரிக்கு... நான் ஆபீஸர்னு..."

நளினி நோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இது பரிமாறினதுக்கா, வாயை மூடுறதுக்கா?"

நோட்டை அவன் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"பரிமாறினதுக்குன்னா மேசையில வைங்க. டிப்ஸ் பொட்டிக்குப் போகும். தட்டு கழுவுறவங்க வரைக்கும் எல்லாருக்கும் பங்கு. இன்னொண்ணுக்குன்னா வேணாம் அண்ணே. என் வாய் சும்மாவே மூடித்தான் கிடக்கு."

நோட்டை அவன் உள்ளங்கையிலேயே வைத்து, அவன் விரல்களைத் தன் கையால் அழுத்தி மூடினாள். பிறகு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளமெண்ட் திரும்பினான். நடைபாதையின் அந்த முனையில் ஜாக்குலின் நின்றிருந்தாள். கையில் ஃபிளாஸ்க். வெந்நீர் கேட்க வந்திருக்க வேண்டும்.

"வெந்நீர் உள்ளே கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கிடைக்கும். குடு, நான் வாங்கித் தரேன்."

"வேணாம். தாகம் போயிடுச்சு."

அதற்குப் பிறகு அன்று முழுக்க ஜாக்குலின் ஓரிடத்தில் உட்காரவில்லை. ராதாநகர் கடற்கரையில் மணலில் துண்டு விரித்தார்கள். ஜாக்குலின் எழுந்து நடந்தாள். கிளமெண்ட் பின்னால் போனான். அவன் பக்கத்தில் வந்ததும் அவள் கடலில் கால் நனைக்கப் போனாள். அவன் அங்கேயும் வந்ததும் மாமியாருக்கு இளநீர் வாங்க வேண்டும் என்று கிளம்பினாள்.

"அந்தப் பொண்ணு போர்ட் பிளேரா?" என்று திடீரென்று கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஓ, அவங்களா. இல்ல, கச்சால்."

"ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கு."

"பேச்சுவாக்குல சொன்னாங்க."

"எப்ப பேசினீங்க?"

இளநீர்க்காரர் குறுக்கே வந்து காப்பாற்றினார். கிளமெண்ட் அவருக்கு நன்றியுடன் பணம் கொடுத்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அப்பா நாலடி தள்ளி, பக்கத்துத் துண்டில் உட்கார்ந்திருந்த சேலத்துக் குடும்பத்திடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "பையன் கப்பல்ல ஆபீஸர்" என்பது காற்றில் துண்டு துண்டாக வந்தது. நாளைக்குச் சொல்லலாம்.

நாளைக்குக் கடல் முரண்டு பிடித்தது.

கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போனார்கள். அதுவும் பாக்கேஜில் அடக்கம். படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சிலுவைராஜ் மஞ்சளானார். பிறகு பச்சையானார். பவளப்பாறை தெரிய வேண்டிய கண்ணாடியின் மேலேயே காலைச் சாப்பாட்டை முழுதாக வெளியே தள்ளினார்.

"ஆயுசு பூரா கப்பல்ல இருந்த மனுசனா நீரு?" என்று தலையில் கைவைத்தாள் செல்வம்மாள்.

"எஞ்சின் ரூம்ல கடலே தெரியாதுட்டி!" என்று முனகினார் அவர்.

படகுக்காரர் ஒச்சப்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளி வாளியாக நீர் அள்ளிக் கழுவினார், சிலுவைராஜின் சட்டை உட்பட. கரையேறியதும் ஜாக்குலின் படகுக் கவரோடு கடைசி நாள் சாப்பாட்டுக் கவரையும் சேர்த்து அவர் கையில் வைத்துவிட்டாள். கிளமெண்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள் என்று அவனுக்குப் பட்டது.

பஜாரில் ஏடிஎம் காலி. மழைமேகம் வந்ததில் நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. போனில் பணம் அனுப்பவும் வழியில்லை.

சாயங்காலம் அறையில் ஜாக்குலின் துணிகளை மடித்தபடி அறிவித்தாள். "இன்னைக்கு ராத்திரி அந்த ஹாலுக்குப் போக வேணாம். பிரெட் இருக்கு, பழம் இருக்கு, ரூம்லயே சாப்பிடுவோம். காலையில முதல் கப்பலுக்குப் போறோம், யார் கண்ணுலயும் படாம போயிரலாம்."

"ஏன்?"

"சாப்பாட்டுக் கவர் காலி. கடைசி ராத்திரி வெறுங்கையோட எப்படிப் போய் உட்கார்றது?"

"காசு நான் தரேன்."

"வேணாம். டிப்ஸ் என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்."

"நல்ல யோசனைதான்," என்றார் சிலுவைராஜ் கட்டிலில் இருந்து. சாப்பாடு என்ற வார்த்தையே அவருக்கு அப்போது ஆகவில்லை. "எனக்கும் பிரெட்டே போதும்," என்றாள் செல்வம்மாள். அவன் தட்டு பிடித்ததைப் பார்த்துவிட்ட அந்த நளினியிடமிருந்து மகனை ஒரு வேளையாவது தள்ளிவைத்தால் நல்லது என்பது அவள் கணக்கு.

மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள். கிளமெண்ட் மட்டும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தான். சும்மா இருந்தால் போதும். விடிந்தால் கப்பல். நளினி முகத்தைப் பார்க்கவே வேண்டாம். அவனுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது.

ஆனால் அவன் நின்றான்.

"கடைசி ராத்திரி வராம இருக்கக் கூடாது," என்றான்.

குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. ஜாக்குலின் நிமிர்ந்தாள்.

"எங்க கப்பல்ல கடைசி ராத்திரிதான் டிப்ஸ் கவர் குடுப்பாங்க. சில பேர் அதுக்குப் பயந்து அன்னைக்கு மட்டும் கூடத்துக்கே வர மாட்டாங்க. மேல போய் பஃபேல நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்குவாங்க. இங்க கீழ மேசை போட்டிருக்கும். அந்த வீட்டுக் குழந்தைக்குத் தினமும் கறியைச் சின்னச் சின்னதா வெட்டிக் குடுத்திருப்பான் வெயிட்டர். அன்னைக்கும் அதுக்குன்னு சின்ன ஸ்பூன் வச்சுட்டு நிப்பான். வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பான். காசு போனா போகுது. மறுநாள் எறங்கும்போது அந்தக் குழந்தை கையை ஆட்டும், அப்பனும் ஆத்தாளும் அதைத் திருப்பிப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்க பாரு, பார்க்காத மாதிரி... அதுதான்."

செல்வம்மாள் உதைக்கக் கால் எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் வாசலைப் பார்த்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஜாக்குலின்.

சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

"கணக்குப் பார்க்கிறவன்ல... சொல்லுவாங்க," என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கூடத்தில் பாதி மேசைகள் நிரம்பியிருந்தன. அவர்களுடையது ஜன்னல் ஓரம், நாலு பேருக்குத் தயாராக இருந்தது. நளினி அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். சிலுவைராஜின் இடத்தில் மட்டும் கஞ்சிக் கிண்ணம். படகுக் கதை இங்கே வரை வந்திருந்தது போலும்.

"மத்தவங்க எங்க அண்ணே?"

"வருவாங்க," என்றான் கிளமெண்ட். வர மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"மேசையச் சுத்திச் சுத்தி வராதீங்க, நான் உங்களுக்குப் பரிமாறணுமா, நீங்க எனக்குப் பரிமாறணுமா?" என்று அடக்கிய குரலில் சொல்லிச் சிரித்துவிட்டு நளினி உள்ளே போனாள்.

அவன் ஐநூறு ரூபாயை எடுத்து மேசை மேல், தம்ளருக்கு அடியில் வைத்தான்.

அப்போது எதிர் நாற்காலி நகர்ந்தது. ஜாக்குலின். தலையை அவசரமாகப் பின்னியிருந்தாள். பின்னாலேயே செல்வம்மாள் மூச்சிறைக்க வந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி சிலுவைராஜ். மூவரும் உட்கார்ந்தார்கள். யாரும் நாப்கினை எடுக்கவில்லை.

ஜாக்குலின் தம்ளரைத் தூக்கி நோட்டைப் பார்த்தாள்.

"இது அவங்க நேத்து காலையில வேணாம்னு சொன்ன ஐநூறா?"

கிளமெண்ட் நிமிர்ந்தான்.

"நான் பார்த்தேன். உங்க கையைப் புடிச்சு, விரலை மூடி விட்டதையும் பார்த்தேன். அண்ணேங்கிறாங்க, சிரிக்கிறாங்க, உங்களுக்கு அவங்க ஊரு தெரியுது. நேத்துலருந்து ஒரு இடத்துல என்னால உட்கார முடியலை." தம்ளரை மறுபடி நோட்டின் மேல் வைத்தாள். "கவர் காலியானது இன்னைக்கு நானாப் பண்ணினது. அவங்களைப் பார்க்கக் கூடாதுன்னுதான் பண்ணினேன். ஆனா நீங்க வந்துட்டீங்க. அதான் நானும் வந்தேன். கேட்டுட்டுப் போயிரலாம்னு."

"அய்ய, இதுக்காம்மா?" செல்வம்மாள் பாய்ந்து விழுந்தாள். "அந்தப் பிள்ள வீட்டுக்காரனும் இவனும் போர்ட் பிளேர் ஐடிஐல ஒண்ணாப் படிச்சவனுவ. குடும்பத்துல கஷ்டம். அதான் இவன் ஒதவி செய்யப் பார்த்தான். அவ ரோசக்காரி, வாங்க மாட்டேன்னுட்டா. வேற என்ன? நீங்க சொல்லுங்களேன்."

"ஆமா... ஐடிஐதான்," என்றார் சிலுவைராஜ், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

அழகான பொய். ஒரு ஓட்டை இல்லை. ஜாக்குலினின் தோள்கள் கொஞ்சம் தளர்வதைக் கிளமெண்ட் பார்த்தான். அவள் நம்பத் தயாராக இருந்தாள். நம்ப விரும்பினாள். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். கப்பலேறலாம். ஒன்பது மாதம் வெள்ளைச் சட்டையில் போட்டோ அனுப்பலாம். திரும்பி வந்ததும் இவள் இதே பெருமையோடு கப்பல் துறையில் நிற்பாள்.

நளினி ரொட்டிக் கூடையோடு வருவது தூரத்தில் தெரிந்தது.

ஜாக்குலின் மாமியாரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்க்கவில்லை. "மாமி சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன?"

மேசைக்கு அடியில் உதை விழுந்தது. இந்த முறை கிளமெண்ட் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஜாக்குலின்."